கம்மாக்கரைத் தெருவுக்கு முதல் தண்ணி

இல்ல அண்ணாச்சி, கனமெல்லாம் ஒண்ணுமில்ல. பை மடியில இருந்தா எனக்கு ஒரு தைரியம், அதான் வச்சிருக்கேன். ஏன் மேல வைக்கலன்னு கேக்குறீங்களா? சரி சரி, வச்சிடுறேன். இந்தா, வச்சாச்சு. முழங்கை கிழங்கை இடிச்சிருந்தா மன்னிச்சுக்கோங்க. இடிக்கலையா? சும்மாதான் கேட்டீங்களா? இருக்கட்டும், மேலயே இருக்கட்டும்.

நீங்க இதே பஸ்ஸுல திருநெல்வேலி வரைக்கும் போறீங்களா? நான் சாத்தூர் தாண்டி எங்க ஊருக்கு ரோடு பிரியிற விலக்குல இறங்கணும். எங்கப்பா வண்டியோட வந்து நிப்பார். காலையிலருந்து மூணு போன் வந்துருச்சு. ‘எய்யா, பிளேன் எறங்கிட்டியா? மதுரைக்கு வந்துட்டியா? புஸ்தகத்தைப் பத்திரமா வச்சிருக்கியா?’ ரெண்டு வருசப் படிப்ப முடிச்சுட்டு ஜெர்மனியிலருந்து வர்ற மகன் சாப்பிட்டானான்னு கேக்கல பாருங்க. புஸ்தகம் பத்திரமா இருக்கான்னு கேக்குறார்.

அந்தப் பையிலதான் இருக்கு, நான் எழுதுன தீசிஸ், அதான் ஆராய்ச்சிப் புஸ்தகம். கறுப்பு அட்டை, தங்க எழுத்து. செண்பகராஜ் கொம்பையான்னு என் பேரும் அப்பா பேரும் சேர்த்துப் போட்டிருக்கு. அட்டையில மட்டுந்தான் அவர் பேரு. உள்ள ஒரு எடத்துலயும் இல்ல. திருமங்கலத்துலருந்து அதே யோசனைதான் அண்ணாச்சி. உள்ள ஒங்களப் பத்திப் பதினொரு பக்கம் இருக்குன்னு நான் அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். அவரு ஊருக்கே சொல்லி வச்சிருக்கார். விலக்குல எறங்குன ஒடனே கைய நீட்டுவார். எந்தப் பக்கம்னு கேப்பார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, வாஸ்தவந்தான். ஆனா தன் போட்டோ தெரியும்ல? கொம்பையாங்கிற பேரை இங்கிலீஷ்ல எழுதியிருந்தா அடையாளம் தெரியும்ல? நான் என்னத்தக் காட்ட?

எல்லாம் அந்த அம்மாவால வந்த வினை. யூட்டா மேடம்னு பேரு. எங்க பேராசிரியை, தீசிசுக்கு கைடு. மொத நாளே சொல்லிட்டாங்க, மேடம் கீடம்னு கூப்பிடாத, யூட்டான்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுன்னு. எப்படி அண்ணாச்சி வாய் வரும்? எங்க அம்மாவவிட ரெண்டு வயசு மூப்பு. யூட்டா மேடம்னேன். சிரிச்சாங்க. கடைசி வரைக்கும் யூட்டா மேடந்தான்.

நான் இங்க சிவில் இன்ஜினியரிங் முடிச்சவன். எங்க காலேஜ்ல புராஜெக்ட்டுன்னா கைடு தலைப்பு குடுப்பார், எந்த சீனியர் புராஜெக்ட்டப் பாத்து எழுதணும்னு சொல்வார், அட்டை என்ன கலரு, கயிறு கட்டணுமா சுருள் போடணுமா வரைக்கும் அவரே சொல்லிருவார். நம்ம வேலை தலையாட்டுறதும் எழுதுறதும். அங்க அப்படியில்ல. தண்ணிப் பங்கீடு பத்தி ரெண்டு வருசப் படிப்பு, கடைசி ஆறு மாசம் தீசிஸ். தீசிஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலயே திட்டம் போட்டு வைக்கணுமாம். சரின்னு மேடம் ரூமுக்குப் போயி நின்னேன். நல்ல சட்ட போட்டுக்கிட்டு, நோட்டு பேனாவோட. ‘உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?’னு கேட்டாங்க. எனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்? தலைப்பு என்னன்னுதான் தெரிஞ்சுக்கணும். அதை எப்படி வாய்விட்டுச் சொல்ல? தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. அவங்க கூப்பிட்டுச் சொல்லுவாங்கன்னு நான் இருக்கேன். நான் வருவேன்னு அவங்க இருந்திருக்காங்க, அது பெறகுதான் தெரிஞ்சுது. வராந்தாவுல எதுக்க வந்தா நான் சுவரோரமா ஒதுங்கி நின்னு குட் மார்னிங் சொல்லுவேன். அவங்களும் சொல்லிட்டுப் போயிருவாங்க. ஒரு வார்த்தை, தம்பி ஒனக்கு இன்ன தலைப்புன்னு சொல்லணும்ல? பொறுப்பு வேணாமா ஒரு வாத்தியாருக்கு?

கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி, மரிசோல்னு பேரு, பொலிவியாக்காரி. அவளுக்கும் யூட்டா மேடந்தான் கைடு. அவ என்னடான்னா மொத வாரமே போயி நாலு மணிநேரம் சண்ட போட்டுட்டு வந்தா. சண்டைன்னா உண்மையாவே சண்டை. கதவு சாத்தியிருந்தாலும் வராந்தா வரைக்கும் சத்தம் கேக்கும். மேடம் ஒண்ணு சொல்ல, இவ ‘நோ நோ’ன்னு மேசையத் தட்ட. நான் வெளிய நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். பாவம் இந்தப் பிள்ள, இப்படி வாயாடி மேடம்கிட்ட கெட்ட பேரு வாங்குதேன்னு நெனப்பேன். ரெண்டு தடவ சொல்லியும் பாத்தேன். அவ சிரிச்சுட்டா.

கடைசியில நானா பன்னெண்டு தலைப்பு யோசிச்சு, அழகா டைப் அடிச்சு, ஒவ்வொண்ணுக்கும் முன்னால சின்னக் கட்டம் போட்டுக் கொண்டுபோனேன். மேடம் ஒண்ணுல டிக் போட்டா வேலை முடிஞ்சுது. அவங்க தாளை வாங்கி மேல கீழ பாத்துட்டு ஓரமா வச்சிட்டாங்க. காப்பி ஊத்திக் குடுத்துட்டு, ஒங்க வீட்டுக்குத் தண்ணி எப்படி வருதுன்னு கேட்டாங்க. பயத்துல வாயில வந்ததச் சொல்லிட்டேன். எங்கப்பா தொறந்து விட்டா வரும் மேடம்னேன்.

அவங்க கையில இருந்த கப்பை அப்படியே கீழ வச்சிட்டாங்க.

ஆமா அண்ணாச்சி, எங்கப்பா பேரூராட்சியில தண்ணி தொறந்து விடுறவர். முப்பது வருசமா. மேல்நிலைத் தொட்டியிலருந்து பதினாலு வால்வு. தெருத்தெருவா வண்டியில போயி, இடுப்பு உசர இரும்புச் சாவிய விட்டுத் திருகி, இந்தத் தெருவுக்கு ரெண்டு மணிநேரம், அந்தத் தெருவுக்கு ஒண்ணரை மணிநேரம்னு விடணும். பன்னெண்டு நாளைக்கு ஒரு தடவ தண்ணி. ஜெர்மனிக்காரிக்கு இது அதிசயமாப் போச்சு. ஒண்ணுமேல ஒண்ணு கேள்வி. ஏன் பன்னெண்டு நாள்? ஏன் மணிக்கணக்கு தெருவுக்குத் தெரு மாறுது? ஏன் ஒருத்தரே எல்லா வால்வும்? எங்க பேரூராட்சி மேலயே கேஸு போடப்போறாங்க போலன்னு நெனச்சேன். கடைசியில, இதையே தீசிசா எழுதுன்னுட்டாங்க.

அப்பாடான்னு வந்து திட்டம் போட்டேன். இருபத்திநாலு வாரத்துக்கு இருபத்திநாலு கட்டம், கட்டத்துக்கு ஒரு கலரு. எங்க காலேஜ்லன்னா அந்தப் பட்டியலுக்கே கைதட்டியிருப்பாங்க. மேடம் ஒன்பதாவது வாரத்துலருந்து பதினொண்ணாவது வாரம் வரைக்கும் பென்சிலால அடிச்சுட்டு, இந்த மூணு வாரம் யோசிக்கன்னு எழுதுனாங்க. யோசிக்க மூணு வாரமாம்! அதுல என்ன வேலை செஞ்சேன்னு எப்படிக் காட்டுறது? நான் அதுல ‘நூல் வாசிப்பு’ன்னு போட்டு பச்சைக் கலர் அடிச்சுட்டேன்.

போன வருசம் வெயில்காலத்துல ஆறு வாரம் ஊருக்கு வந்தேன், அது இதுக்குத்தான். அப்பா வண்டிக்குப் பின்னால ஒக்காந்து தெருத்தெருவாப் போனேன். பதினாலு வால்வையும் படம் போட்டேன். எத்தன சுத்து, எத்தன மணிநேரம், தெருக்கோடி வீட்டுல எத்தன கொடம் ரொம்புது, எல்லாம் எழுதினேன். ஆபீஸ்ல ஒரு பட்டியல் இருக்கு, எந்தத் தெருவுக்கு எப்பன்னு. அப்பா அதையேதான் வச்சு விடுவார். ஒரே ஒரு தெருதான் விதிவிலக்கு. கம்மாக்கரைத் தெரு. பட்டியல்ல அது ஒன்பதாவது. அப்பா எப்பவும் அதைத்தான் மொதல்ல தொறப்பார். அதையும் எழுதிக்கிட்டேன்.

போட்டோ எடுக்குற அன்னைக்குக் காக்கிச் சட்டையத் தேச்சுப் போட்டுக்கிட்டு வந்தார். சாவிய நட்டக்குத்தலாப் புடிச்சுக்கிட்டு வெறச்சு நின்னார். ‘எய்யா, இதுல என் பேரு வருமா?’ன்னு கேட்டார். வரும்ப்பான்னேன். அவ்வளவுதான். டீக்கடையில சொல்லியாச்சு. பேரூராட்சிப் பெரிய அதிகாரி இ.ஓ. ஐயாகிட்ட சொல்லியாச்சு. குழாயடியில நிக்கிற பொம்பளைங்ககிட்ட சொல்லியாச்சு. ‘என் மகன் ஜெர்மனியில போடுற புஸ்தகத்துல நான் இருக்கேன்.’ முப்பது வருசத்துல அந்த மனுசனை ஊர்ல ஒருத்தரும் நல்ல வார்த்தை சொன்னதில்ல அண்ணாச்சி. தண்ணி வந்தா சாமி புண்ணியம், வரலன்னா கொம்பையா. ‘ஏன்யா எங்க தெருவுக்கு லேட்டு? ஏன்யா அவனுக்கு ரெண்டு மணி, எனக்கு ஒண்ணரை மணி?’ நின்னு பதில் சொல்லி நான் பாத்ததில்ல. ‘சரிங்க, பாக்குறேங்க’ம்பார். குனிஞ்சு சாவியத் திருகுவார்.

அங்க திரும்பிப் போயி எழுதினேன் பாருங்க, அப்படி எழுதினேன். நூத்தி நாப்பத்திரெண்டு பக்கம். அதுல அப்பாவுக்குன்னே பதினொரு பக்கம். எனக்கே தெரியும் அண்ணாச்சி, அந்தப் பதினொரு பக்கம் நல்லா வந்திருந்துச்சு. எழுதும்போது எனக்கு நேரம் போனதே தெரியல. கொண்டுபோயி மேடம் கையில குடுத்தேன்.

ஒரு வாரம் கழிச்சுத் திரும்பி வந்துச்சு. தொறந்து பாத்தா ஓரம் பூராவும் பென்சில். பெருசா ஒண்ணும் எழுதல. ஒரே ஒரு வார்த்தைதான். வொய்? ஏன்னு. அதுக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி. பத்திக்குப் பத்தி ஏன். அதுலயும் எங்கப்பா இருக்குற பதினொரு பக்கத்துலதான் ரொம்ப. ஒரு பக்கத்துல நாலு ஏன். ‘கம்மாக்கரைத் தெருவை எப்போதும் முதலில் திறக்கிறார்’னு நான் எழுதியிருந்த எடத்துல, ஏன்னு எழுதி, அடியில ரெண்டு கோடு இழுத்து வச்சிருந்தாங்க. கடைசிப் பக்கத்துல ‘வெரி இன்ட்ரெஸ்டிங்’னு ஒரு நக்கல் வேற. வா பேசுவோம்னு எழுதியிருந்துச்சு. போயி நான் என்னத்தப் பேச? தண்டனைய நேர்லயும் வாங்கிக்கிடணுமா?

நீங்களும் நானும் படிச்ச பள்ளிக்கூடமெல்லாம் ஒரே மாதிரிதான அண்ணாச்சி? ஏன்டா லேட்டு? ஏன்டா கணக்கு எழுதல? ஏன்னு கேட்டாப் பதில் சொல்லவா கேக்குறாங்க? பதில் சொன்னா எதுத்தா பேசுறன்னு இன்னொரு அடி கூட விழும். ஏன்னா தப்புன்னு அர்த்தம். கைய நீட்டிட்டு, இனிமே செய்யமாட்டேன் சார்னு சொல்லணும். எட்டாங்கிளாஸ்ல பூதலிங்கம் சார்னு ஒருத்தர் இருந்தார். அவரு ஏன்னு கேக்கும்போதே பிரம்பு தனியா மேசையில உருளும். அதைப் பாத்து வளந்தவன் நான்.

அதனால நான் பிரச்சினைய சுத்தமா முடிச்சேன். எங்கெல்லாம் ஏன் இருந்துச்சோ அந்தப் பத்தியத் தூக்கிட்டேன். ஒண்ணு விடல. திரும்பக் குடுத்தப்ப தொண்ணூத்தஞ்சு பக்கம். எங்கப்பா ஏழு பக்கமா சுருங்கிட்டார். மேடம் வாங்கிப் பாத்தாங்க, முகம் ஒரு மாதிரி ஆச்சு. கொறஞ்சிருக்கேன்னாங்க. ஆமா மேடம், சரி பண்ணிட்டேன்னேன். இது ஒன்னோட தீசிஸ், நீதான் முடிவு பண்ணணும், ஒனக்குத் திருப்தியான்னு கேட்டாங்க. தலைய ஆட்டினேன். அதுலயும் ஏன் போட்டுத் திருப்பிக் குடுத்தாங்க. அதையும் எடுத்தேன். மூணாவது தடவை எழுபத்தி நாலு. நாலாவது தடவை அறுபத்தியொண்ணு. அறுபதுக்குக் கொறையக் கூடாதுன்னு அங்க சட்டம் இருக்கு, இல்லன்னா இன்னும் சுத்தமா பண்ணியிருப்பேன்.

அந்த அறுபத்தியொண்ணுல ஒரு ஏன் கூட இல்ல அண்ணாச்சி! வெள்ளையா வந்துச்சு. மொதப் பக்கத்துல ஓ.கே.ன்னு மட்டும் எழுதியிருந்தாங்க. ஆறு மாசத்துல அன்னைக்குத்தான் நிம்மதியாச் சாப்பிட்டேன். மரிசோல் தாளைப் பாத்தேன், பாவம், கடைசி வரைக்கும் ஓரமெல்லாம் பென்சில். ஒவ்வொரு ஏன்னுக்கும் பக்கத்துல இவ பேனாவால என்னவோ எழுதி வச்சிருந்தா. எழுதி எழுதி எரநூத்தி முப்பது பக்கம் ஆயிருச்சு. நல்லாத் திட்டு வாங்கப்போறன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஏன் எடுத்தீங்கங்கிறீங்களா? அப்பா பக்கத்தையா? தப்புதான் அண்ணாச்சி. விடுங்க. அதைச் சொன்னதே தப்பு.

இல்ல, கோவமெல்லாம் இல்ல. நீங்க கேட்டதுல ஒண்ணுமில்ல. அன்னைக்கு வைவாவுல அந்த அம்மாவும் இதையேதான் கேட்டாங்க, அதான் சுருக்குன்னுச்சு. வைவான்னா கடைசித் தேர்வு. தீசிஸை மேசையில வச்சுக்கிட்டு வாயால கேப்பாங்க. யூட்டா மேடம், இன்னொரு பேராசிரியர், எதுக்க நான் கோட்டு சூட்டோட. அறுபத்தியொரு பக்கத்தையும் மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். எந்த அட்டவணையக் கேட்டாலும் சொல்லுவேன். அவங்க அட்டவணையக் கேக்கல. புஸ்தகத்தை மூடி வச்சிட்டு, ‘மொதத் தடவை எழுதினதுல ஒரு மனுசர் இருந்தார், கையில சாவி வச்சிருந்தார். அவர் எங்க?’ன்னு கேட்டாங்க.

சாரி மேடம், எடுத்துட்டேன்னேன்.

ஏன்னாங்க.

சாரி மேடம்னேன்.

‘நீ சாரி சொல்ல வேண்டாம், ஏன்னு மட்டும் சொல்லு’ன்னாங்க. நான் என்ன சொல்லட்டும்? இனிமே வைக்கமாட்டேன் மேடம்னேன். பக்கத்துல இருந்தவர் பேனாவ மூடிட்டார். மேடம் நாலாவது அட்டவணையப் பத்திக் கேட்டாங்க, கடகடன்னு சொன்னேன். அவங்க கேட்டமாதிரியே தெரியல. ஊருக்குப் போற பையன்னு கடைசி நேரத்துலகூட எரக்கம் காட்டல பாருங்க.

பாஸுதான். ஆனா பார்டர் பாஸு. அங்க ஒண்ணுன்னா ஒசத்தி, நாலைத் தாண்டுனா ஃபெயிலு. எனக்கு மூணு புள்ளி ஏழு. அப்பாகிட்ட மூணு புள்ளி ஏழுன்னு மட்டும் சொன்னேன். நாலுக்கு மூணே முக்காலான்னு சந்தோசப்பட்டார். நானும் விட்டுட்டேன்.

இதைவிட வயித்தெரிச்சல் என்னன்னா, மேடம்கிட்ட பி.எச்.டி.க்கு ஒரு எடம் இருந்துச்சு. நாலு வருசம், இதே வேலை, நம்ம பக்கத்து ஊர்கள்ல தண்ணி பங்கு வைக்கிறது பத்தி. எனக்குன்னே செஞ்சு வச்ச எடம். தீசிஸ் ஆரம்பிச்ச மொத மாசத்துலயே மேடம் சாடையாச் சொல்லியிருந்தாங்க. அது யாருக்குப் போச்சுங்கிறீங்க? மரிசோலுக்கு! மேசையத் தட்டிச் சண்டை போட்டவளுக்கு. தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது அவளுக்கு. எரநூத்தி முப்பது பக்கமும் கேள்விக்குறியா வாங்குனவளுக்கு. ஒழுக்கமா, ஒரு வார்த்தை எதுத்துப் பேசாம, சொன்னதையெல்லாம் அழிச்சுக் குடுத்தவனுக்கு பார்டர் பாஸு. இது என்ன நியாயம்? ஒங்களுக்குப் புரியுதா? எனக்குப் புரியல.

அங்கயே வேற வேலை தேடியிருக்கலாமே, ஏன் வந்துட்டீங்கன்னா... அது கெடக்கு, விடுங்க. சாத்தூர் தாண்டிருச்சுல்ல?

என்ன கேட்டீங்க? சத்தமாச் சொல்லுங்க, காத்துல கேக்கல. எங்கப்பாவா? கம்மாக்கரைத் தெருவை ஏன் மொதல்ல தொறப்பாருன்னா?

தெரியல அண்ணாச்சி.

ஆமா, ஆறு வாரம் கூடவேதான் போனேன். கேக்கல. எப்படிக் கேக்க? பெத்த அப்பன்கிட்டப் போயி ஏன் இந்தத் தெருவுக்கு மொதல்ல விடுறீங்கன்னா, இவனும் ஊரோட சேந்துக்கிட்டான்னு ஆயிராதா? அந்தத் தெருவுல எங்களுக்குச் சொந்தமும் இல்ல பந்தமும் இல்ல. ஒரு காரணம் இருக்கும். சும்மா செய்யிற ஆளு இல்ல அவரு. குழாய் அங்க பள்ளமா, மேடா, யாருக்கும் ஒடம்புக்கு ஆகலையா, என்னவோ. முப்பது வருசமா மனசுல ஒண்ணு வச்சுத்தான் செய்யிறார். இத்தனைக்கும் ஒரு தடவை அந்த வால்வைத் திருகும்போது என்னைப் பாத்து என்னவோ சொல்ல வந்தார். நான் நோட்டுல சுத்து எண்ணி எழுதிக்கிட்டு இருந்தேன்.

இருங்க, அவருதான் கூப்பிடுறார். நூறு ஆயுசு. இப்பவே கேட்டுருவோமே, அதுல என்ன.

அப்பா... ஆமாப்பா, சாத்தூர் தாண்டியாச்சு... சாப்பிட்டேன்... புஸ்தகம் பத்திரமா இருக்குப்பா... அப்பா, ஒண்ணு கேக்கணும். இந்தக் கம்மாக்கரைத் தெரு இருக்குல்ல, அதுக்கு ஏம்ப்பா எப்பவும் மொதல்ல தண்ணி விடுறீங்க?... அப்பா?... லைன்ல இருக்கீங்களா?... இல்லப்பா, யாரும் மனுக் குடுக்கல... நான் எதுக்குப்பா இ.ஓ.வப் பாக்கப் போறேன், நான் பஸ்ஸுல இருக்கேன்... புஸ்தகத்துல ஒண்ணும் தப்பா எழுதலப்பா... வேணாம்... அய்யோ வேணாம்ப்பா, மாத்தாதீங்க... நான் சொல்றதக் கேளுங்க... அப்பா!

வச்சிட்டார்.

என்ன சொன்னாரா? என்னத்தச் சொல்ல அண்ணாச்சி. யாருலே மனுக் குடுத்ததுங்கிறார். கொரலே மாறிப்போச்சு. ஜெர்மனியில அதைத் தப்புன்னு சொல்லிட்டாங்களாங்கிறார். ‘நீ மனசுல வச்சுக்காத எய்யா, நாளையிலருந்து அந்தத் தெருவைப் பட்டியல்படி ஒன்பதாவதுல போட்டுருதேன்’ங்கிறார். முப்பது வருசமா விட்ட தண்ணி! ஒரே ஒரு கேள்வி கேட்டேன், தூக்கிப்போட்டுட்டார். காரணம் என்னன்னு ஒரு வார்த்தை வாயிலருந்து வரல.

இவரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? பெத்த பிள்ளை, தெரிஞ்சுக்கிடணும்னு ஆசையாக் கேக்குறான். அதைப் போயி குத்தம் சொல்றான்னு எடுத்துக்கிட்டா எப்படி? வாயத் தொறந்து, இன்னதுக்காகத்தான்டா செஞ்சேன்னு சொன்னாக் கொறஞ்சா போயிருவார்? கேட்டவன் பதில்தான கேட்டான்? மாத்தச் சொன்னானா? அழிக்கச் சொன்னானா?

ஏன் சிரிக்கிறீங்க?

இல்ல, சொல்லுங்க அண்ணாச்சி. கோவமாக் கேக்கல. ஏன் சிரிக்கிறீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

நானுமா? மேடம்கிட்டயா? அந்தப் பையக் கொஞ்சம் எறக்கிக் குடுங்க.

இந்தா இருக்கு, கைலிக்குள்ள சுத்தி வச்சிருக்கேன். மொதத் தடவை எழுதினது. எழுத்து இருக்குற தாளைக் குப்பையில போட மனசு வரல, தூக்கிக்கிட்டு வந்துட்டேன். பாருங்க, இதுதான் அப்பா போட்டோ. சாவியப் புடிச்சுக்கிட்டு எப்படி வெறச்சுப்போயி நிக்கிறார் பாருங்க. பக்கத்துல அந்த ஏன், இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கீழ ரெண்டு. இந்தாப் பாருங்க, கம்மாக்கரைத் தெரு, ரெண்டு கோடு போட்டது. எவ்வளவு அழுத்தி எழுதியிருக்காங்க. பின்பக்கம் வரைக்கும் தடம் விழுந்திருக்கு.

அந்த அம்மா கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க அண்ணாச்சி. எங்கப்பாவைப் பத்தி, முப்பது வருசத்துல ஒருத்தர், கோவமில்லாமக் கேட்டிருக்காங்க. நான் அழிச்சு அழிச்சுக் குடுத்திருக்கேன். பாவி, என்ன வேலை செஞ்சிருக்கேன் பாத்தீங்களா?

விலக்கு வந்துருச்சு. கண்டக்டர் அண்ணே, ஒரு ஆளு எறங்கணும்! அந்தா நிக்கிறார் பாருங்க, வண்டியப் புடிச்சுக்கிட்டு. காக்கிச் சட்டையைத் தேச்சுப் போட்டுட்டு வந்திருக்கார். வரேன் அண்ணாச்சி, ரொம்பப் பேசிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. கறுப்பு அட்டை உள்ளயே கெடக்கட்டும், இந்தப் பதினொரு பக்கத்தைத்தான் மொதல்ல கையில குடுக்கணும். குடுத்துட்டு, பென்சில் இருக்குற எடமெல்லாம் ஒவ்வொண்ணாக் கேக்கணும். கோவத்துல கேக்கலப்பான்னு மொதல்லயே சொல்லிட்டுக் கேக்கணும்.